உள்ளிருந்து ஒலிக்கும் குரலைக் காப்பது யார்?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் கல்வி வகுப்பில் ‘கார்ப்பரேட் கண்காணிப்பும் அந்தரங்க உரிமையும்’ என்னும் பொருளில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

அந்தரங்க உரிமை என்ற சொல் காதில் விழுந்தவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவை கைப்பேசியின் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் வாட்ஸ்அப் செய்திகளுமே. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும், முன்பின் தெரியாத இணைப்பைத் தொடக்கூடாது என்னும் அறிவுரைகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த அறிவுரைகளில் தவறில்லை. ஆனால் அவை ஓர் அடிப்படைக் கேள்வியைத் தொடுவதே இல்லை. பெருநிறுவனங்கள் கோடிக்கணக்கான மக்களைக் கண்காணிக்கின்றன என்ற உண்மை உலகுக்கு எவ்வாறு தெரியவந்தது?

நிறுவனங்கள் தாமாக முன்வந்து சொல்லவில்லை. அரசுகளின் அதிகாரிகள் சோதனையிட்டுக் கண்டறிந்ததும் அரிது. இத்துறையில் வெளிவந்த பெரும் உண்மைகளில் பல, அந்நிறுவனங்களிலேயே ஊதியத்துக்கு உழைத்தவர்களின் வாய்வழியே வந்தவை. ‘விசில் ஊதுவோர்’ என்று ஆங்கில உலகம் அவர்களை அழைக்கிறது. ஆள்வோரின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்வதற்கு ‘இடித்துரைத்தல்’ என்றொரு சொல் தமிழில் பன்னூறு ஆண்டுகளாக உண்டு. இன்று இடித்துரைக்கும் அந்த ஊழியருக்கு என்ன நேர்கிறது, அவரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இந்த உரையின் பொருள். அந்தரங்க உரிமைக்கான போராட்டம் தொழிலாளர் உரிமைப் போராட்டத்தின் பகுதி என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

புகை தெரியாத ஆலை

ஒரு பஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். அதன் புகை ஊருக்கே தெரியும். கழிவுநீர் எந்த ஓடையில் கலக்கிறது என்பதை அக்கம்பக்கத்தார் அறிவர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆய்வாளருக்கு ஆலைக்குள் நுழையவும் பதிவேடுகளைப் புரட்டவும் அதிகாரம் அளித்தது. அந்த அதிகாரம் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்யப்பட்டிருப்பினும், ஆலை என்பது வெளியிலிருந்து ஆராயத்தக்க ஓர் இடம் என்ற கொள்கையாவது சட்டத்தில் இருந்தது.

ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் ஆலையில் புகை இல்லை. மூலப்பொருள் மக்களின் அன்றாட வாழ்க்கை. யார் யாருடன் பேசுகிறார், எங்கே செல்கிறார், எந்தப் படத்தின்மீது எத்தனை நொடி கண் நிலைத்தது, எந்த நோயைப் பற்றித் தேடினார் என்பன யாவும் விலையின்றிக் கொள்ளப்படுகின்றன. அவை விளம்பரதாரர்களுக்கான குறிபார்க்கும் ஆற்றலாக மாற்றி விற்கப்படுகின்றன. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வருவாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் விளம்பரத்திலிருந்தே வருகிறது. எனவே கண்காணிப்பு என்பது இத்தொழிலில் இடையே நேர்ந்துவிட்ட பிழை ஆகாது. இந்நிறுவனங்களின் இலாபம் அதன்மீதுதான் நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லி ட்விட்டர் நிறுவனம் 14 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடமிருந்து தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் பெற்றது. 2013 முதல் 2019 வரை அவ்விவரங்கள் விளம்பரக் குறிவைப்புக்கும் பயன்படுத்தப்பட்டன. இதற்காக 2022 மே மாதம் அமெரிக்காவில் அந்நிறுவனம் 15 கோடி டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. வீட்டுக்குப் பூட்டுச் செய்ய வந்த கொல்லரே சாவியின் அச்சை எடுத்துச் சந்தையில் விற்றதற்கு ஒப்பானது இது.

இந்த ஆலைக்குள் ஆய்வாளர் நுழைவதில்லை. வாசலில் நிற்பது ரகசியம் காக்கும் ஒப்பந்தம். உள்ளே நடப்பதை அறிந்தவர்கள் முதலாளிகளும் ஊழியர்களும் மட்டுமே. முதலாளி பேசமாட்டார். ஆகவே ஊழியர் பேசினாலன்றி உண்மை வெளிவராது.

நான்கு சாட்சியங்கள்

2013 ஜூன் மாதம் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையைப் பற்றியவை என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்போது அவர் பூஸ் ஆலன் ஹாமில்டன் என்னும் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. அவர் வெளிப்படுத்திய ‘பிரிசம்’ திட்டத்தின் ஆவணங்களில் மைக்ரோசாஃப்ட், கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் ஆகியவற்றின் பெயர்கள் இடம்பெற்றிருந்தன. வணிகத்துக்காகத் திரட்டப்பட்ட தரவுக் களஞ்சியத்தின் பின்வாசல் அரசின் உளவுத்துறையை நோக்கித் திறக்கிறது என்பதை உலகம் அப்போது கண்டது.

2018 மார்ச் மாதம் கிறிஸ்டோபர் வைலி பேசினார். கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். ஆளுமைச் சோதனை என்ற பெயரில் ஒரு செயலியைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.7 இலட்சம் பேர். அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் அதன்வழியே அள்ளப்பட்டதால், பாதிக்கப்பட்டோர் 8.7 கோடிப் பேர் வரை இருக்கக்கூடும் என்று ஃபேஸ்புக்கே பின்னர் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. விவரங்கள் பறிபோயிருக்கக் கூடியவர்களோ 5,62,455 பேர். ஒருவர் அளித்த ஒப்புதலைக் கொண்டு அவரைச் சுற்றியுள்ள ஆயிரம் பேருக்கும் மேலானோரின் விவரம் எடுக்கப்படுமெனில், ‘பயனரின் ஒப்புதல்’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. தனிநபர் எச்சரிக்கை மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஃபேஸ்புக்கில் தரவு ஆய்வாளராக இருந்த சோஃபி ஜாங் 2020 செப்டம்பரில் பணிநீக்கம் செய்யப்பட்டார். போலிக் கணக்குகளைக் கொண்டு பல நாடுகளில் அரசியல் கருத்து எவ்வாறு திரிக்கப்படுகிறது என்பதை அவர் வெளிப்படுத்தினார். இந்தியாவில் இத்தகைய வலைப்பின்னல்கள் பல கட்சிகளுக்கு ஆதரவாக இயங்கியதைத் தாம் கண்டறிந்ததாகவும், மற்றவை நீக்கப்பட்டபோது பாஜக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருடன் நேரடித் தொடர்புடையதாகத் தெரிந்த வலைப்பின்னல்மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் 2021இல் அவர் கூறினார். ஃபேஸ்புக் இதை மறுத்தது.

நான்காவது சாட்சியம் இந்திய மக்களுக்கு மிக நெருக்கமானது. ட்விட்டரின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவராக இருந்து பணிநீக்கம் செய்யப்பட்ட பீட்டர் ஜாட்கோவின் புகார் 2022 ஆகஸ்டில் வெளியானது. பயனர்களின் விவரங்கள் அடங்கிய அமைப்புகளை அளவுக்கு மீறிய எண்ணிக்கையிலான ஊழியர்கள் தடையின்றி அணுக முடிந்தது என்றார் அவர். அரசின் முகவர்களைப் பணியில் அமர்த்துமாறு இந்திய அரசு ட்விட்டரைக் கட்டாயப்படுத்தியது என்றும், அவர்களுக்குப் பயனர் விவரங்களை அணுகும் வாய்ப்பு இருந்தது என்றும் அப்புகார் கூறியது. நிறுவனம் புகாரை மறுத்தது. விவசாயிகள் போராட்டத்தின்போது கணக்குகளை முடக்குமாறு அரசு தொடர்ந்து உத்தரவுகள் பிறப்பித்ததை நினைவில் கொண்டோர்க்கு இக்குற்றச்சாட்டின் கனம் விளங்கும். இதனைத் தற்சார்புள்ள அமைப்பொன்று விசாரித்திருக்க வேண்டும். அத்தகைய விசாரணை இந்நாட்டில் நடைபெறவில்லை.

மௌனத்தின் விலை

பேசுவதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மௌனத்துக்கும் ஒரு விலை நிர்ணயிக்கப்படுகிறது. நிறுவனத்தைக் குறைகூறமாட்டேன் என்று கையெழுத்திட்டால் 64,000 டாலர் பணிவிலகல் தொகை கிடைக்கும் என்ற நிலையில் சோஃபி ஜாங் அதை மறுத்தார். மறுக்க இயன்றது அவருடைய நேர்மை. ஆனால் மறுக்க இயலாதவர்கள் எத்தனை பேர்? வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைமேல் நிற்கும் ஊழியரிடம் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது அரசியல் ஆகாது.

2021இல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியிட்ட பிரான்சஸ் ஹாகனுக்கு ஒரு சட்டக் குடை இருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் அளிப்போருக்கு 2010ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம் பாதுகாப்பு வழங்குகிறது. ஆனால் அங்கேயும் பாதுகாக்கப்படுவது முதலீட்டாளரை ஏமாற்றியது பற்றிய புகார்தான். மக்களை ஏமாற்றிய குற்றத்தைக்கூட, பங்குதாரர்களை ஏமாற்றிய குற்றமாக மொழிபெயர்த்துச் சொன்னால்தான் செவிசாய்க்கும் சட்டம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் பிறப்பித்த நெறிமுறை சற்று முன்னேறியது. அந்தரங்கம், தனிநபர் தரவு ஆகியவற்றின் மீறலை வெளிப்படுத்தும் தனியார் ஊழியரையும் அது பாதுகாப்பின் எல்லைக்குள் கொண்டுவருகிறது.

அடித்தட்டில் உழைப்பவரின் நிலை வேறு. ஃபேஸ்புக்கில் பதிவாகும் கொலைக் காட்சிகளையும் வன்முறைக் காட்சிகளையும் பார்த்து நீக்கும் வேலை, சாமா என்னும் ஒப்பந்த நிறுவனத்தின் வழியே கென்யத் தலைநகர் நைரோபியில் நடந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அவ்வேலைக்கு வந்த டேனியல் மோட்டாங், சக ஊழியர்களைச் சங்கமாகத் திரட்ட முயன்றார். 2019இல் வேலையிழந்தார். 2022இல் அவர் அனைத்தையும் வெளிப்படையாகப் பேசினார். மெட்டாவின் மீதும் ஒப்பந்த நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். அவர் தனியொருவராகத் தொடங்கியபோதும், பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்கள் வழக்குகளிலும் சங்க முயற்சியிலும் இணைந்தனர். உண்மையை வெளியிடுவதும் சங்கம் அமைப்பதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை நைரோபித் தொழிலாளர்கள் காட்டினர்.

இந்தியச் சட்டத்தில் உள்ள ஓட்டைகள்

இந்நாட்டில் முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பற்றிய விவாதம் ஓர் இளம் பொறியாளரின் மரணத்தோடு வலுப்பெற்றது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிய சத்யேந்திர துபே, தம் பெயரை மறைக்குமாறு வேண்டியிருந்தார். அது மறைக்கப்படவில்லை. 2003 நவம்பர் 27 அன்று பீகாரின் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சிக்குப் பின் பத்தாண்டு கழித்து, 2014 மே மாதம் முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஆனால் அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை மோடி அரசு வெளியிடவே இல்லை. வெளியிட்டிருந்தாலும், அது பொது ஊழியர்களின் முறைகேடுகளுக்கு மட்டுமே பொருந்தும். தனியார் நிறுவனம் மக்களைக் கண்காணிப்பதை வெளிப்படுத்தும் ஊழியருக்கு அதில் இடமில்லை.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் வேறு சில வகை நிறுவனங்களும் புகார் பெறும் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்கிறது. அப்புகார் செல்வதும் அதே நிறுவனத்தின் தணிக்கைக் குழுவுக்கே. பங்குச் சந்தையில் உட்தகவல் வணிகம் நடப்பதைத் தெரிவிப்போருக்குப் பாதுகாப்பும் வெகுமதியும் உண்டு என்று செபி 2019இல் விதி செய்தது. பங்குதாரரின் பணத்தைக் காக்கத் துப்புக் கொடுப்பவருக்குப் பரிசு காத்திருக்கிறது. மக்களின் அந்தரங்கத்தைக் காக்கப் பேசுபவருக்கு வேலைநீக்க ஆணை காத்திருக்கிறது. இந்தச் சட்ட அமைப்பின் வர்க்கத் தன்மையை விளக்க வேறு உரை தேவையில்லை.

மிரட்டுவதற்கோ பிரிவுகள் போதிய அளவு உள்ளன. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவை, மூன்றாண்டுச் சிறைத்தண்டனை வரை விதிக்கும் 66ஆம் பிரிவோடு சேர்த்து, சான்று திரட்டிய ஊழியர்மீதே ஏவ முடியும். 2018 ஜனவரியில் 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களை அணுகும் வழி கிடைக்கிறது என்று சண்டிகரின் ‘தி டிரிபியூன்’ நாளிதழ் வெளியிட்டபோது, ஆதார் ஆணையம் அளித்த புகாரின்பேரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் சேர்க்கப்பட்டது. ஓட்டையைச் சுட்டிக்காட்டிய விரலே முதலில் பிடிக்கப்பட்டது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஆறாண்டு கழித்து வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அத்தீர்ப்பின் உயிரை எடுத்துவிட்டு உடலை மட்டும் நிறுத்தியிருக்கிறது. ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு. கண்காணிப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் ஒன்றிய அரசே. தவறு செய்யும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு நீக்கப்படுகிறது. பொய்யான அல்லது அற்பமான புகார் அளித்ததாகக் கருதப்படும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. நிறுவனத்தின் மீறலை வெளிப்படுத்தும் ஊழியரைப் பாதுகாக்க அச்சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்ற ஒற்றைக் காரணத்தால் விவரத்தை மறுக்க வழிவகுத்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது நிறுவனங்களுக்கான முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத கால அவகாசம் தரப்பட்டது. தகவல் அறியும் உரிமையைச் சுருக்கும் திருத்தம் உடனடியாக நடைமுறைக்கு வந்தது. யாருக்குப் பொறுமை காட்டப்பட்டது, யாரிடம் அவசரம் காட்டப்பட்டது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

கண்காணிக்கப்படும் கைகள்

அந்தரங்கம் நடுத்தர வர்க்கத்தின் கவலை, கூலிக்கும் நிலத்துக்கும் போராடுவோருக்கு அது இரண்டாம் நிலைப் பிரச்சினை என்ற எண்ணம் இயக்கத்துக்குள்ளும் உண்டு. களத்தின் நிலைமை அதை மறுக்கிறது. சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் நாக்பூரிலும் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கடிகாரங்கள் கட்டப்பட்டன.  2023 ஜனவரி முதல் கிராமப்புற வேலையுறுதித் திட்டத் தொழிலாளர்கள் நாளுக்கு இருமுறை செயலியில் புகைப்படம் பதிவாக வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. அலைக்கற்றை கிடைக்காத ஊர்களில் செய்த வேலைக்குக் கூலி இழந்தோர் பலர். உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் இளைஞர்களுக்கு வேலையைத் தருவதும் பறிப்பதும், அவர்களால் பார்க்கவோ கேள்வி கேட்கவோ இயலாத கணினி நிரலே. 2020 செப்டம்பரில் அமேசான் வெளியிட்ட ஒரு வேலைவாய்ப்பு விளம்பரம், தொழிலாளர் அணிதிரள்வதை ஓர் அச்சுறுத்தலாகக் குறிப்பிட்டு, அதைக் கண்காணிக்க ஆய்வாளர்களைத் தேடியது. எதிர்ப்பு எழுந்ததும் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது.

இங்கெல்லாம் எதிர்ப்பு எழுந்த விதம் கவனத்துக்குரியது. ஹரியானாவில் ஆஷா ஊழியர்கள், அரசு கொடுத்த கைப்பேசிகளில் இருப்பிடத்தைக் கண்காணிக்கக்கூடிய செயலியை 2021இல் எதிர்த்துப் போராடினர். அதே ஆண்டில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள், பழுதான கைப்பேசிகளையும் ஆங்கிலத்திலேயே இயங்கிய செயலியையும் ஏற்க மறுத்துக் கைப்பேசிகளைத் திரளாகத் திருப்பி ஒப்படைத்தனர். தனியொருவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாகியிருக்கும். ஆயிரமாயிரம் பேர் சேர்ந்து கொடுத்தபோது அது பேச்சுவார்த்தைக்குரிய கோரிக்கையாயிற்று.

செய்ய வேண்டியவை

கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தை அடுத்து 2019இல் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்காவில் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அச்செய்தி வெளியானபோது அந்நிறுவனத்தின் பங்கு விலை உயர்ந்தது. அபராதத்தைத் தொழிற்செலவாக எழுதிக்கொள்ளும் வலிமை ஏகபோக மூலதனத்துக்கு உண்டு. ஆகவே தனிமனித வீரத்தையும் நீதிமன்ற அபராதத்தையும் மட்டும் நம்பியிருக்க முடியாது.

கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை உடனே நடைமுறைப்படுத்த வேண்டும். தனியார் துறைக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் அதை விரிவாக்க வேண்டும். பொதுநலனுக்காக உண்மையை வெளியிடுவதைத் தடுக்கும் ரகசிய ஒப்பந்தங்கள் செல்லாது என அறிவிக்க வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இழப்பீட்டு உரிமை மீட்கப்பட வேண்டும். அரசுக்கு அளிக்கப்பட்ட விலக்கு நீக்கப்பட வேண்டும். பணியிடத்தில் எந்தக் கண்காணிப்புக் கருவியைப் புகுத்துவதற்கும் தொழிற்சங்கத்தின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். கிக் தொழிலாளருக்கான கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், தானியங்கிக் கண்காணிப்பு முறைகளைப் பற்றித் தொழிலாளருக்குத் தெரிவிக்கும் கடமையை நிறுவனங்களுக்கு விதித்திருப்பது ஒரு தொடக்கம். ஆலைக்குள் ஆய்வாளர் நுழைந்ததைப் போல, அந்த நிரல்களுக்குள்ளும் ஆய்வாளர் நுழைய வேண்டும் என்பதே அடுத்த கோரிக்கை.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் சங்கங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. ஒரு ஊழியர் நிறுவனத்தின் முறைகேட்டைச் சொல்ல முன்வந்தால், அவரை முதலில் வழக்கறிஞரிடமும் சங்கத்திடமும் அழைத்துச் செல்ல வேண்டும். செய்தி ஊடகத்தை அணுகுவது அதற்குப் பிறகுதான். நிறுவனம் கொடுத்த கணினியிலோ கைப்பேசியிலோ மின்னஞ்சலிலோ அவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதலாகாது. தாம் கண்டதை நாள் குறித்துத் தம் கையெழுத்தில் பதிவு செய்துவைக்க வேண்டும். முறைகேட்டை நிறுவத் தேவையான அளவுக்கு மேல் பிறருடைய தனிப்பட்ட விவரங்களை எடுக்கக்கூடாது. எடுப்பது சட்டச் சிக்கலை வளர்க்கும். எந்த உரிமைக்காகப் பேசுகிறாரோ அதையே மீறுவதாகவும் ஆகும். அவர் வேலையிழந்தால் குடும்பம் தாங்கும் அளவுக்கு உதவித்தொகை திரட்டும் கடமையும் சங்கத்துக்குரியது. வேலைநிறுத்தக் காலத்தில் உண்டியல் ஏந்தித் தொழிலாளர் குடும்பங்களைக் காத்த மரபுக்கு இது புதிய பணியன்று.

இயக்கத்தின் அன்றாட வேலைகளிலும் இதே ஒழுங்கு வேண்டும். உறுப்பினர் பட்டியலும் ஆதார் நகலும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக்கூடாது. புதிதாகச் சங்கத்தில் சேரும் ஊழியரின் பெயர் நிர்வாகத்தின் கையில் கிடைத்தால், அவரது வேலை மறுநாளே போகக்கூடும். எந்தெந்த விவரம் உண்மையாகத் தேவையோ அதை மட்டும் பெறுவது, தேவை முடிந்ததும் அழிப்பது, யாரிடம் உள்ளது என்பதைப் பொறுப்பாளர் அறிந்திருப்பது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கிளையும் கடைப்பிடிக்க இயலும்.

தோழர்களே, ஸ்னோடன், வைலி, ஜாங், ஜாட்கோ ஆகியோரில் எவரும் புரட்சியாளர் அல்லர். தாம் செய்த வேலையின் விளைவைக் கண்டு மனச்சான்று உறுத்தியவர்கள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் குருகிராமிலும் நொய்டாவிலும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இருந்துகொண்டு அதே உறுத்தலோடு இன்று வேலை செய்வோர் இருக்கக்கூடும். பேசினால் தம் பக்கம் யார் நிற்பார் என்ற கேள்வி அவர்களைத் தடுக்கிறது. அதற்கான விடையை உழைக்கும் வர்க்கத்தின் அமைப்புகள் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும்.